பழைய சவுண்டு கார்டுக்கு ஒரு மிடி கேபிள்

பழைய கம்ப்யூட்டரின் பின்புறத்தில், சவுண்டு கார்டின் உலோகப் பட்டையில், ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் உரிய சிறு வட்டத் துளைகளின் பக்கத்தில், மேல் வரிசையில் 8, கீழ் வரிசையில் 7 என்று 15 துளைகளோடு அகன்று கிடக்கும் கனெக்டரைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை ஜாய்ஸ்டிக் செருகும் இடம் என்ற அளவிலேயே அறிந்திருப்பர். சின்தசைஸரையும் கீபோர்டையும் கம்ப்யூட்டரோடு இணைத்து, அவற்றைக் கம்ப்யூட்டரே வாசிக்கும்படியும், நாம் வாசிப்பதைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும்படியும் செய்யவல்ல மிடி என்னும் மார்க்கமும் அந்த ஒரே வாயிலுக்குள் அடங்கியிருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் கேபிள் இன்று கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் நம்பத்தக்கதாக இருப்பது அதனினும் அரிது. ஆகையால் அதை நம் கையாலேயே செய்துகொள்ளும் முறையை இந்த அத்தியாயத்தில் விஸ்தாரமாகப் பார்ப்போம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அறிந்துகொண்டால் பின்களின் வரிசை தானாகவே மனத்தில் நிற்கும். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கம்ப்யூட்டரோடு ஜாய்ஸ்டிக்குக்கென்று வெளியிட்ட கார்டில், 15 பின்களில் 4, 5, 12 ஆகிய மூன்றும் கிரவுண்டாகவும், 1, 8, 9, 15 ஆகிய நான்கும் 5 வோல்ட் மின்சாரம் தருவனவாகவும் அமைந்திருந்தன. ஒன்றே போதுமான இடத்தில் மூன்றும் நான்குமாக இருந்த இந்த உபரியைச் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்தார் 1989-இல் தங்கள் சவுண்டு பிளாஸ்டர் கார்டில் வெகு சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டனர். கிரவுண்டுகளில் ஒன்றாகிய 12-ஆம் பின்னை மிடி வெளியே செல்லும் வழியாகவும், 5 வோல்ட்டுகளில் ஒன்றாகிய 15-ஆம் பின்னை மிடி உள்ளே வரும் வழியாகவும் மாற்றிவிட்டனர். ஜாய்ஸ்டிக்கின் காரியத்துக்கு இதனால் ஒரு குறைவும் நேரவில்லை. பிற கம்பெனிகளும் இதே அமைப்பைப் பின்பற்றியமையால், சவுண்டு பிளாஸ்டருக்குச் செய்த கேபிள் அக்காலத்துக் கார்டுகளில் மிகப் பலவற்றுக்கும் பொருந்துகிறது.

ஆனால் 12-ஆம் பின்னில் கிடைப்பதை அப்படியே ஒரு ஒயரில் எடுத்துச் சென்று சின்தசைஸரில் சேர்த்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. கார்டு தருவது 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறும் மின்னழுத்தம். மிடியின் விதியோ மின்னழுத்தத்தைப் பற்றியதன்று, மின்னோட்டத்தைப் பற்றியது. 1983-இல் பல இசைக்கருவிக் கம்பெனிகள் கூடி ஒப்புக்கொண்ட அந்த விதியின்படி, அனுப்பும் கருவியிலிருந்து சுமார் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு ஒயரில் சென்று, வாங்கும் கருவிக்குள் இருக்கும் ஒரு சிறிய எல்.இ.டி.யை ஒளிரச் செய்து, மற்றோர் ஒயரில் திரும்பி வருகிறது. விநாடிக்கு 31,250 தடவை என்னும் வேகத்தில் அந்த எல்.இ.டி. எரிவதும் அணைவதுமே மிடியின் பாஷை. 10 லட்சம் ஹெர்ட்ஸ் கடிகாரத்தை 32-ஆல் வகுத்தால் இந்த எண் மிச்சமின்றிக் கிடைக்கும். ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் செய்ய மூன்று பைட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 பிட்டுகள் என்ற கணக்கில், அது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் சென்று சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவு சுற்றி வளைத்து ஒளியின் மூலம் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி எழலாம். சுவருக்கு இந்தப் பக்கத்தில் ஒருவன் விளக்கை ஏற்றி அணைக்க, மறுபக்கத்தில் இருப்பவன் ஜன்னல் கண்ணாடி வழியே அதைக் கண்டு பொருள் உணர்ந்துகொள்வது போல, ஆப்டோ கப்ளர் என்னும் சிறு ஐ.சி.க்குள் எல்.இ.டி. ஒரு புறமும் அதன் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர் மறுபுறமும் இருக்க, இரண்டுக்கும் நடுவே மின்சாரத் தொடர்பு என்பதே இல்லாமற்போகிறது. கம்ப்யூட்டரின் கிரவுண்டும் சின்தசைஸரின் கிரவுண்டும் ஒன்று சேர்ந்து வளையமாகிவிட்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஆம்ப்ளிஃபையரில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய உபத்திரவம் வேறில்லை. ஒரு கருவியில் நேரும் கோளாறு ஒயர் வழியே மற்றதையும் தாக்காமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான். சின்தசைஸரின் உள்வாங்கும் பக்கத்தில் ஆப்டோ கப்ளரை அதன் கம்பெனியாரே வைத்திருப்பார்கள். சவுண்டு கார்டில் அது இல்லை. இடத்தையும் செலவையும் கருதி, அந்தப் பொறுப்பைக் கேபிளின் தலையில் போட்டுவிட்டார்கள். ஆகவே நாம் செய்யப்போவது வெறும் ஒயரன்று, கார்டில் விடுபட்டுப்போன ஒரு சிறிய சர்க்யூட் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மலிவான கேபிள்களில் சில ஆப்டோ கப்ளரே இல்லாமல், இரண்டு ரெசிஸ்டர்களை மட்டும் ஓட்டுக்குள் வைத்து மூடப்பட்டிருக்கின்றன. அவற்றில் வெளியே செல்லும் வழி வேலை செய்யக்கூடும். உள்ளே வரும் வழியை நம்புவதற்கில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் கார்டைப் பரீக்ஷித்துக்கொள்வது உத்தமம். எல்லா 15 பின் வாயில்களிலும் மிடி இராது. ஜாய்ஸ்டிக்குக்காக மட்டும் செய்யப்பட்ட கார்டுகளும் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்து, மெயின்ஸ் ஒயரையும் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைப் 'பீப்' ஒலிக்கும் ஸ்தானத்தில் வைத்து, 12-ஆம் துளைக்கும் 4-ஆம் துளைக்கும் நடுவே சோதிக்கவும். மீட்டர் கூவினால் 12-ஆம் பின் வெறும் கிரவுண்டே; 15-க்கும் 1-க்கும் நடுவே கூவினால் 15-ஆம் பின் வெறும் 5 வோல்ட்டே; அந்தக் கார்டில் மிடி கிடையாது. இரண்டிலும் மௌனமாக இருந்தால், ஒரு ஆண் கனெக்டரின் 4, 12 ஆகிய இரு பின்களில் மட்டும் ஒயர் பற்றவைத்து, அதைக் கார்டில் செருகி, கம்ப்யூட்டரை இயக்கி, வெளியே வந்த இரண்டு ஒயர் முனைகளின் நடுவே அளக்கவும். மிடி உள்ள கார்டானால், செய்தி ஒன்றும் போகாத நேரத்தில் 12-ஆம் பின் உயர்ந்த நிலையிலேயே நிற்குமாதலால், 5 வோல்ட்டோ அதற்குச் சற்றுக் குறைவோ காட்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் கூர்முனையைக் கார்டின் துளைகளில் நேரே நுழைத்துப் பார்க்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அங்கே கிடைக்கும் 5 வோல்ட், பல ஆம்பியர் தரவல்ல பவர் சப்ளையிலிருந்து வருவது. முனை சற்றே சறுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால், கார்டின் செம்புத் தடம் கருகிப்போகக்கூடும்.

வேண்டிய சாமான்கள் சொற்பமே. இரண்டு வரிசையில் அமைந்த 15 பின் ஆண் டி-கனெக்டர் ஒன்று, அதற்கு ஓடு. மானிட்டருக்கு வருவதும் 15 பின்தான் என்றாலும் அது மூன்று வரிசை கொண்டது, இங்கே பிரயோஜனப்படாது. பெட்டியில் பொருத்தக்கூடிய ஐந்து பின் டின் சாக்கெட் இரண்டு. 6என்138 என்னும் ஆப்டோ கப்ளர், 74எல்.எஸ்.04 என்னும் ஐ.சி., இவை இரண்டுக்கும் சாக்கெட்டுகள். 1என்4148 டையோடு ஒன்று. ரெசிஸ்டர்களில் 220 ஓம் மூன்று, 470 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று. எல்லாம் கால் வாட் போதும். 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் இரண்டு, கால் ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, சிறிய துளைப்பலகை, அது அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி, நான்கு ஒயர்கள் கொண்ட ஷீல்டு கேபிள் ஒன்றரை மீட்டர். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடையில் இவ்வளவும் சேர்ந்துவிடும். சர்க்யூட்டை டி-கனெக்டரின் ஓட்டுக்குள்ளேயே திணித்துவிட்டால் அழகாக இருக்குமே என்று சிலர் ஆசைப்படுவதுண்டு. நான் அதை ஆதரிப்பதில்லை. அந்த நெருக்கடியில் ஒரு ரெசிஸ்டரின் கால் மற்றொன்றைத் தொட்டுவிடுவது வெகு சுலபம். பழுது பார்க்க நேர்ந்தாலோ முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும். பெட்டியில் சாக்கெட் வைத்துவிட்டால், சாதாரண மிடி கேபிளையே இஷ்டப்பட்ட நீளத்தில் செருகிக்கொள்ளலாம்.

15 பின்களில் நமக்கு வேண்டியவை நான்கே: 5 வோல்ட்டுக்கு 1, கிரவுண்டுக்கு 4, வெளியே செல்ல 12, உள்ளே வர 15. கேபிளின் நான்கு ஒயர்களும் இவற்றுக்குச் சரியாகப் போய்விடுகின்றன. மேலே சுற்றியுள்ள ஷீல்டை டி-கனெக்டரின் உலோக உடலோடு மட்டும் சேர்த்து, பெட்டிப் பக்கத்தில் வெட்டி விட்டுவிடுக. 1-ஆம் பின்னிலிருந்து வரும் ஒயர் பெட்டிக்குள் நுழைந்ததும் முதலில் ஃபியூஸைக் கடந்த பிறகே மற்ற இடங்களுக்குப் பிரிந்து செல்ல வேண்டும்.

வெளியே செல்லும் வழியை முதலில் கட்டுவோம். 12-ஆம் பின்னின் ஒயரை நேரே 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக மிடி சாக்கெட்டுக்குக் கொண்டுபோனாலும் பல கார்டுகளில் அது வேலை செய்யும். எனினும், கார்டின் சிப்புக்கு 5 மில்லி ஆம்பியரை இழுக்கும் சிரமத்தைக் கொடுக்காமல், அதை நம் ஐ.சி.யின் மேல் ஏற்றிவிடுவதே விவேகம். 74எல்.எஸ்.04-இல் ஆறு இன்வெர்ட்டர்கள் உள்ளன. ஒன்று சிக்னலைத் தலைகீழாக்கும், அடுத்தது அதை மறுபடி நிமிர்த்திவிடும். ஆகவே கார்டின் 12-ஆம் பின் ஐ.சி.யின் 1-ஆம் காலுக்கும், 2-ஆம் கால் 3-ஆம் காலுக்கும், 4-ஆம் கால் ஒரு 220 ஓம் வழியாக டின் சாக்கெட்டின் 5-ஆம் பின்னுக்கும் செல்லட்டும். சாக்கெட்டின் 4-ஆம் பின்னுக்கு மற்றொரு 220 ஓம் வழியாக 5 வோல்ட்; 2-ஆம் பின்னுக்குக் கிரவுண்டு. 1-ம் 3-ம் வெறுமையாகவே இருக்கும். ஐ.சி.யின் 14-ஆம் கால் 5 வோல்ட்டுக்கும், 7-ஆம் கால் கிரவுண்டுக்கும் போகும். பயன்படாத 5, 9, 11, 13 ஆகிய உள்வாங்கும் கால்களையும் கிரவுண்டில் கட்டிவிடுக. சின்தசைஸருக்குள்ளும் ஒரு 220 ஓம் உண்டு. ஆக மொத்தம் 660 ஓம். எல்.இ.டி.யில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கழிந்துவிட, மிஞ்சிய மூன்றரை வோல்ட்டை 660-ஆல் வகுத்தால், மிடி விதி கேட்கும் 5 மில்லி ஆம்பியர் கிடைத்துவிடுவதைக் காணலாம்.

உள்ளே வரும் வழியில்தான் ஆப்டோ கப்ளருக்கு வேலை. இரண்டாவது டின் சாக்கெட்டின் 4-ஆம் பின்னிலிருந்து மூன்றாவது 220 ஓம் வழியாக 6என்138-இன் 2-ஆம் கால்; சாக்கெட்டின் 5-ஆம் பின்னிலிருந்து நேரே அதன் 3-ஆம் கால். இந்த 2-க்கும் 3-க்கும் குறுக்கே, கறுப்பு வளையம் 2-ஐ நோக்கி நிற்கும்படி 1என்4148 டையோடைப் பற்றவைக்கவும். ஒயர் எங்கேனும் மாறிப்போய் மின்னோட்டம் எதிர்த்திசையில் வந்தால், அது எல்.இ.டி.யைத் தாக்காமல் டையோடு வழியே கடந்துவிடும். 8-ஆம் கால் 5 வோல்ட்டுக்கு, 5-ஆம் கால் கிரவுண்டுக்கு. 6-ஆம் காலிலிருந்து கார்டின் 15-ஆம் பின்னுக்கு ஒயர். அதே 6-ஆம் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 470 ஓம். 7-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் வைக்க வேண்டும். இதை அலட்சியமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு; ஒளி அணைந்த பிறகும் டிரான்சிஸ்டருக்குள் தங்கிநிற்கும் மின்னேற்றத்தை விரைவாக வடித்துவிடுவது இதுவே. இல்லையேல் சிக்னலின் விளிம்புகள் மழுங்கி, வேகமாக வாசிக்கும்போது பைட்டுகள் சிதைந்து வரக்கூடும். இந்தச் சாக்கெட்டின் 2-ஆம் பின்னை எதனோடும் சேர்க்கக்கூடாது. அதைக் கிரவுண்டில் கட்டினால், ஆப்டோ கப்ளர் பாடுபட்டுப் பிரித்துவைத்த இரண்டு கிரவுண்டுகளையும் நாமே ஒன்றாக்கியவர்களாவோம். 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர்களை ஒவ்வொரு ஐ.சி.க்கும் வெகு அருகில், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துவிட்டால் பலகை பூர்த்தியாகிறது.

பின்களின் எண்களைக் குறித்து ஒரு முக்கியமான எச்சரிக்கை. டின் சாக்கெட்டில் பின்கள் அரைவட்டமாக நிற்கின்றன. அவற்றின் எண்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 1, 2, 3 என்று ஓடாமல், 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் ஓடுகின்றன. ஆகவே நடுவில் நிற்பது 2. அதன் இரு பக்கங்களிலும் 4-ம் 5-ம். முன்புறத்திலிருந்து பார்க்கும் இடது பின்புறத்தில் வலதாகிவிடுமாதலால், படத்தை நம்பி வேலை செய்கிறவர்கள் 4-ஐயும் 5-ஐயும் மாற்றிவிடுவது சகஜம். பின்களின் அடியில் பிளாஸ்டிக்கிலேயே எண்கள் பொடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடியை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அவற்றையே பிரமாணமாகக் கொள்ளுங்கள். டி-கனெக்டரிலும் அவ்வாறே: ஆண் கனெக்டரை முகம் நம்மைப் பார்க்க, நீண்ட வரிசை மேலே இருக்கப் பிடித்தால் 1 இடது கோடியில் இருக்கும், பற்றவைக்கும் பக்கத்தைத் திருப்பினால் அது வலது கோடிக்குப் போய்விடும். 1-க்குக் கீழே 9, 8-க்குக் கீழே 15.

பற்றவைக்கும் கலையைப் பற்றி முந்திய அத்தியாயங்களில் சொன்னவற்றை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. கனெக்டருக்குப் பிரத்யேகமான சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன். டி-கனெக்டரின் பின்கள் பின்புறத்தில் சிறு கிண்ணங்களாக முடிகின்றன. ஒயரின் மேலுறையை நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உரிக்காமல், செம்பு இழைகளை முறுக்கி, அவற்றில் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் 25 வாட் அயர்னின் முனையை வைத்து, ஈயம் உருகிப் பாதி நிறைந்ததும் ஒயரை உள்ளே இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, மினுமினுப்பு உறையும் வரையில் கையை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். உறையும் நேரத்தில் கை நடுங்கினால் பற்று மங்கிப்போய், வெளியே சேர்ந்தாற்போலவும் உள்ளே விலகியும் நிற்கும். இந்த வேலையைச் செய்யும்போது ஆண் கனெக்டரைப் பழைய பெண் கனெக்டர் ஒன்றில் செருகி வைத்துக்கொள்வது கைதேர்ந்தவர்களின் வழக்கம். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் சாயாமல், தத்தம் ஸ்தானத்திலேயே நிற்கும். சுருங்கும் குழாய்த் துண்டுகளையும், ஓட்டையும், ஒயரைப் பற்றவைப்பதற்கு முன்பே அதில் கோத்துவிட மறவாதீர்கள்.

முடிந்ததும் உடனே கார்டில் செருகிவிட வேண்டாம். ஐ.சி.க்களைச் சாக்கெட்டில் வைக்காமலே, டி-கனெக்டரின் 1-க்கும் 4-க்கும் நடுவே மீட்டரைப் பிடித்துப் பாருங்கள், கூவக்கூடாது. பிறகு 12, 15 ஆகிய பின்களைக் கிரவுண்டோடும் 5 வோல்ட்டோடும் அவ்வாறே சோதியுங்கள். இதில் தேறிய பின், கம்ப்யூட்டரை அணைத்துவைத்து, ஐ.சி.க்களை இட்டு, கேபிளைச் செருகி, அதன் பிறகே கம்ப்யூட்டரை இயக்கவும். சின்தசைஸரை இன்னும் நெருங்கவிடாமல், வெளியே செல்லும் சாக்கெட்டின் 4-ஆம் பின்னில் நீண்ட காலும் 5-ஆம் பின்னில் குட்டைக் காலும் இருக்கும்படி ஒரு சிவப்பு எல்.இ.டி.யைச் செருகுங்கள். ஓய்வு நிலையில் அது அணைந்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு மிடி பாட்டை ஓடவிட்டால் விட்டுவிட்டு மினுங்க வேண்டும். ஓயாமல் எரிந்துகொண்டே இருந்தால், இன்வெர்ட்டர் ஒன்றே ஒன்று மட்டும் வழியில் இருக்கிறது, அல்லது 12-ஆம் பின்னின் ஒயர் கிரவுண்டில் சிக்கியிருக்கிறது என்று அறிக. ஒருபோதும் எரியவில்லையானால் 4-ம் 5-ம் இடம் மாறியிருத்தல், ஃபியூஸ் போயிருத்தல், கார்டின் மிடி அமைப்பு சரியில்லாதிருத்தல் என்ற வரிசையில் தேடிச் செல்லலாம். எல்.இ.டி. மினுங்கிய பிறகு, சாதாரண மிடி கேபிள் ஒன்றால் பெட்டியின் வெளிவழியை அதே பெட்டியின் உள்வழியோடு இணைத்துவிட்டால், கம்ப்யூட்டர் அனுப்பியதையே கம்ப்யூட்டர் திரும்பப் பெறும். அனுப்பியதும் வந்ததும் ஒன்றாயிருந்தால் இரண்டு வழிகளும் சரியே.

சின்தசைஸரோடு சேர்க்கும்போது, பெட்டியின் வெளிவழி அதன் உள்வழிக்கும், பெட்டியின் உள்வழி அதன் வெளிவழிக்கும் செல்ல வேண்டும். பெட்டியின் மேல் அம்புக்குறியோடு எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

கடைசியாகக் கார்டின் தன்மையைப் பற்றி. கேபிள் பழுதற்றிருந்தும் பழைய டாஸ் விளையாட்டுகளில் சின்தசைஸர் ஊமையாக இருக்குமானால், குற்றம் பெரும்பாலும் கார்டு மிடியை நடத்தும் முறையில் இருக்கும். ரோலண்டு நிறுவனத்தின் எம்.பி.யூ-401 என்னும் சாதனத்தையே அந்த விளையாட்டுகள் எதிர்பார்க்கின்றன. 1992-இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் 16-ல் அதை ஒத்த அமைப்பு உண்டு. 330 என்ற முகவரியில் அது வழக்கமாக இருக்கும். அதற்கு முந்திய சவுண்டு பிளாஸ்டர்களில் மிடி இருப்பினும் அது வேறு வகை. அதற்கென்று எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு மட்டுமே இணங்கும். சவுண்டு பிளாஸ்டர் 16-ம் எம்.பி.யூ-401-இன் எளிய முறையை மட்டுமே அறியும். 1987-இல் வெளிவந்த எம்.டி-32 என்னும் சின்தசைஸருக்காக அக்காலத்தில் எழுதப்பட்ட விளையாட்டுகளில் சில, எம்.பி.யூ-401-இன் 'இன்டெலிஜென்ட்' முறையைக் கேட்கும். அவற்றுக்கு சாஃப்ட் எம்.பி.யூ. என்னும் சிறிய புரோகிராமை முன்னதாக ஓட்டி வைத்தால் போதும். 1991-இன் சவுண்டு கேன்வாஸ் போன்ற பிற்காலக் கருவிகளுக்கென்று எழுதப்பட்டவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. கார்டிலிருந்து பெட்டி வரையிலான கேபிளை இரண்டு மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து சின்தசைஸர் வரை மிடி விதி அனுமதிக்கும் 15 மீட்டர் மட்டும் போகலாம்.